எபநேசருக்குப் போட்ட இடம்

இல்லைங்க சார், இங்க ஆள் வருது. நீங்க அந்தப் பக்கத்து சீட்ல உக்காந்துக்கங்க, அது காலிதான். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், இந்த ஓரமா வந்துடுங்க. அந்த ஃபேன் டப்பாவ மேல வைக்காதீங்க. சீர்காழி வரைக்கும் ரோடு சரியில்ல, யார் தலையிலயாவது விழும். மடியிலயே வச்சுக்கங்க. கிரகப்பிரவேசமா? நல்லது. தை மாசம்னாலே எல்லாரும் ஒரு டப்பாவோடதான் பஸ் ஏறுறாங்க.

எங்க ஏறுவாருன்னா, வழியில ஏறுவாரு. அதான் துண்டு போட்டு வச்சிருக்கேன்.

சிரிக்காதீங்க சார். இந்தத் துண்டு போடறதுதான் என் உத்தியோகமே. நெசமாத்தான் சொல்றேன். மெட்ராஸ்ல ஒரு நியூஸ் சேனல்ல இருக்கேன். எந்தச் சேனல்னு கேக்காதீங்க, அவங்களுக்கும் எனக்கும் இப்ப கொஞ்சம் மனஸ்தாபம். என் பேரு குணசீலன். பேரு வெளிய வராத வேலை. செய்தி வாசிக்கற பொண்ணுக்கு ஊரெல்லாம் பேரு, நமக்கு ஆபீஸ் கேன்டீன்ல மட்டும்தான்.

நீங்க மத்தியானம் ஒரு மணிச் செய்தி பாக்கறீங்க. மழை, சட்டசபை, தக்காளி வெலைன்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வருதுல்ல? அந்த வரிசை காலையிலயே கம்ப்யூட்டர்ல தயாராயிடும். ஆனா படம் வந்திருக்காது. சட்டசபையே கூடியிருக்காது. படம் வரட்டும்னு கைய கட்டிக்கிட்டு உக்காந்தா ஒரு மணிக்கு ஒண்ணும் ஓடாது. அதனால கம்ப்யூட்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வைக்கணும். இந்தச் செய்திக்கு ஒரு படம் வரப்போகுது, ஒரு இடம் குடுன்னு. என்ன படம், எத்தனை நொடி, யாரு அனுப்புவாங்க, இதெல்லாம் எழுதினா அது ஒரு காலி இடம் குடுக்கும். செவப்பா இருக்கும். வெளியூர்ல இருக்கற நிருபரோட போன்லயும் அது தெரியும். அவர் எடுத்து அனுப்பினா நேரா வந்து அந்த இடத்துல உக்காந்துக்கும், பச்சையாயிடும். பிளேஸ்ஹோல்டர்னு பேரு. எங்க டெஸ்க்ல இடம் போடறதுன்னுதான் சொல்லுவோம். 'குணா சார், வெள்ளத்துக்கு இடம் போட்டாச்சா?' அவ்வளவுதான் பேச்சு.

இதுல என்ன பெரிய வித்தைன்னு நீங்க கேக்கலாம். ஆபீஸ்லயும் கேட்டிருக்காங்க. மத்தவங்க போடற இடத்துக்கு என்ன பேரு வைப்பாங்க தெரியுமா? 'கடல் ஒண்ணு', 'கடல் ரெண்டு'. அத வச்சு அந்த நிருபர் என்னத்த எடுப்பாரு? நான் அப்படி எழுத மாட்டேன். என்ன வேணும்னு அச்சடிச்ச மாதிரி எழுதுவேன். 'மீன்காரம்மா, தலையில கூடை, கேமராவப் பாத்துச் சிரிக்கறாங்க, ஆறு நொடி.' அப்படி. அது அப்படியே வரும். நான் போட்ட இடம் எதுவும் காலியாப் போனதில்ல சார்.

ஒரு தடவ பழைய நடிகர் ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. நான் 'வீடு திரும்பினார்'னு ஒரு இடமும் 'இறுதி ஊர்வலம்'னு ஒரு இடமும் சேத்துப் போட்டு வச்சேன். ரெண்டும் நெரம்புச்சு, வேற வேற வாரத்துல. அதுலேர்ந்து எனக்கு சித்ரகுப்தன்னு பேரு வச்சுட்டாங்க. அப்பல்லாம் அது கேலிதான். நானும் சிரிப்பேன்.

பொறையாறு ஒண்ணு குடுங்க கண்டக்டர். இது என் துண்டுதான். ஆள் வருது. வந்தா டிக்கெட் எடுப்பாரு.

இப்ப நான் போறது எபநேசர் வீட்டுக்கு. எங்க நிருபர். பொறையாறு, தரங்கம்பாடி, அந்தக் கடலோரம் பூரா அவருதான் பாத்துக்கிட்டாரு. பைக்கு அவருது, கேமரா அவருது, மைக்குல மாட்டற, எங்க சேனல் பேரு போட்ட குமிழ் மட்டும்தான் எங்களுது. என்னை அண்ணேன்னு கூப்பிடுவாரு. நேர்ல பாத்ததில்ல நாங்க. போன்ல குரல், படத்துல மூஞ்சி, அவ்வளவுதான். ஆனா நான் எழுதறத அந்த மனுஷன் மாதிரி யாரும் படிச்சதில்ல. கூடைக்காரம்மா சிரிக்கணும்னு எழுதினா, சிரிக்கற அம்மா கெடைக்கற வரைக்கும் மார்க்கெட்ட சுத்தி வருவாரு. எழுதினவனுக்கு வேற என்ன சார் வேணும்?

ஐப்பசி கடைசியில புயல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? உங்க ஊருல கரண்டு போயிருக்கும். அன்னிக்குக் காலையில நான் எபநேசருக்கு ஒரு இடம் போட்டேன். அங்க புதுக்குப்பத்துல தூண்டில் வளைவு இருக்கு. அலைய தடுக்கறதுக்குக் கடலுக்குள்ள நீளமா கருங்கல்லக் கொட்டி வச்சிருப்பாங்க பாருங்க, அதான். நான் எழுதினது இன்னும் எனக்கு மனப்பாடம். 'தூண்டில் வளைவு முனை. எபநேசர் நின்று பேச, பின்னால் அலை எழும்பி விழுகிறது. இருபது நொடி.' எழுதும்போதே கண்ணுக்குத் தெரியுது எனக்கு. மத்த சேனல்ல எல்லாம் குடை பறக்கறதத்தான் காட்டிக்கிட்டிருந்தாங்க.

அவர் அனுப்பினாரு. அனுப்பலன்னு சொல்லக் கூடாது. ஒரு மணிக்கு ரொம்ப முன்னாடியே பச்சையாயிடுச்சு. கூட ஒரு மெசேஜ். 'அண்ணே, முனைக்குப் போலீஸ் விடல. கரையிலேர்ந்து எடுத்திருக்கேன். பாத்துக்கங்க.'

பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, நான் குறை சொல்லல. காத்துல சட்டை படபடன்னு அடிக்குது, நனைஞ்சு போய் நிக்கறாரு, பின்னாடி தூரத்துல அலை. ஆனா முனை எங்க? பேரு ஒண்ணு, படம் ஒண்ணுன்னு நான் ஓட விட்டதில்ல சார். அது என் கட்டுப்பாடு. அந்தப் படத்த அந்த இடத்துலேர்ந்து தூக்கிட்டேன். இடம் மறுபடி செவப்பாச்சு.

அவ்வளவுதான் நான் செஞ்சது. போன் பண்ணல. போய் நில்லுன்னு சொல்லல. மெசேஜுக்குப் பதில் கூடப் போடல, வேலை நேரத்துல எங்க போடறது? அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் போகச் சொன்னதா எங்கயாவது ஒரு வார்த்தை காட்டுங்கன்னு கேட்டேன். யாராலயும் காட்ட முடியல. நான் இடம்தான் சார் போட்டேன்.

ஒரு மணிச் செய்தி ஓடுது, அந்த இடம் செவப்பாவே இருக்கு. தாண்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு, பொய் சொல்லல. எபநேசர் இப்படிப் பண்ணிட்டாரேன்னு. சாயங்காலம் காரைக்கால் நிருபர் போன் பண்றான். பைக்கு தூண்டில் வளைவு ஆரம்பிக்கற எடத்துல நிக்குதாம். கேமரா ஸ்டாண்டு முனையில ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குதாம். ஆள் இல்ல.

ஆள் கெடைக்கவே இல்ல சார். இன்னிக்கு வரைக்கும்.

நம்ம நிருபர்னா நமக்குத்தான முதல் செய்தி? மறுநாள் அதுக்கும் நான்தான் இடம் போட்டேன். 'படகில் தேடும் பணி', 'கல்லில் சிக்கிய கேமரா ஸ்டாண்டு', அப்புறம் 'மனைவி கடலைப் பார்த்து நிற்கிறார், பதினைந்து நொடி'. கதறல்னு எழுதல. என்ன இருந்தாலும் நம்ம ஆளு வீடு. காரைக்கால்காரன் எல்லாத்தையும் அனுப்பினான். சுகிர்தாவ நான் முதல்ல பாத்தது அதுலதான். எபநேசர் சம்சாரம். நான் எழுதினபடியே நின்னுச்சு அந்தப் பொண்ணு, கடலப் பாத்துக்கிட்டு. பதினஞ்சு நொடிக்கு அசையல.

செய்தி ஆசிரியர் ராமபத்ரன் வந்து, 'குணா, உடல் கரை ஒதுங்கினதுக்கும் ஒரு இடம் போட்டு வை'ன்னாரு. எப்பவும் அவர் சொல்றதுக்கு முன்னாடியே போட்டிருப்பேன். அத மட்டும் நான் போடல. கை ஓடல. போட மாட்டேன் சார்னு சொல்லிட்டேன். டெஸ்க்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் போட்டா வந்துடும்ல? அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்குப் பதிலா எபநேசரோட அந்தப் பழைய இடத்த, முனை, அலை, இருபது நொடி, அத அப்படியே விட்டு வச்சேன். அது காலியா இருக்கற வரைக்கும் அவர் ஒண்ணு பாக்கி அனுப்பணும்ல. அப்ப அவர் இருந்துதான ஆகணும்?

நீங்க அப்படிப் பாக்காதீங்க. கேக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி வருஷக்கணக்கா உக்காந்திருந்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

நெரம்பாத இடத்த சிஸ்டம் ரொம்ப நாள் வச்சுக்காது, தானா அழிச்சுடும். அது அழிக்க அழிக்க நான் திரும்பக் கேட்டுப் போட்டுக்கிட்டே இருந்தேன். அதே பேரு, அதே இருபது நொடி. வரிசையில எல்லாத்துக்கும் கீழ, ஓடாத பக்கத்துல ஓரமா வச்சிருப்பேன். யாருக்கும் தொந்தரவு இல்ல. ஒரு நாள் புதுசா வந்த ஒருத்தர் வரிசைய மாத்தறேன்னு அதையும் சேத்து மேல இழுத்துட்டாரு. வானிலைச் செய்தி முடிஞ்சதும் அது ஓடிடுச்சு. காலி இடம் ஓடினா என்ன வரும்? கறுப்புத் திரை. அதுல நான் எழுதின பேரு வெள்ளை எழுத்துல. 'எபநேசர் நின்று பேச, பின்னால் அலை எழும்பி விழுகிறது.' கீழ, 'படம் வரவேண்டியுள்ளது.' பதறிப்போய் நிறுத்தறதுக்குள்ள தமிழ்நாடே பாத்துடுச்சு.

சுகிர்தாவும் பாத்துடுச்சு. போன் வந்துச்சு. எபநேசர் போன்ல என் நம்பர் இருந்திருக்கும்னு நெனைக்காதீங்க, அந்தப் போனும் அவரோட போயிடுச்சு. எங்கயோ எழுதி வச்சிருந்திருக்கு. 'அண்ணே, எபி பேரு வந்துச்சே'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்றது? இருக்கறதச் சொன்னேன். அவருக்கு ஒரு இடம் போட்டிருக்கும்மான்னேன். 'அப்ப வருமாண்ணே?'ன்னு கேட்டுச்சு. இடம் இருக்குன்னா வரும்னுதாம்மா அர்த்தம்னு சொன்னேன். அது தப்பா? எங்க ஆபீஸ்ல போய் யாரை வேணா கேளுங்க, இடம்னா அதான் அர்த்தம்.

அதுக்கப்புறம் தினமும் வானிலைச் செய்தி முடிஞ்சதும் போன் வரும். 'இடம் இருக்காண்ணே?' 'இருக்கும்மா.' வச்சுடும். வேற ஒரு வார்த்தை பேசாது. அந்தப் போனுக்காகவே நான் லீவு போடாம இருந்தேன் சார். பொங்கலுக்குக் கூட வீட்ல இல்ல. யாரும் என்கிட்ட அது மாதிரி கேட்டதில்ல, என் வேலையப் பத்தி.

பொங்கல் முடிஞ்சு ஒரு மத்தியானம், நான் சாப்பாட்டு டப்பாவத் திறந்துக்கிட்டே திரையப் பாக்கறேன், அந்த இடம் மஞ்சளா இருக்கு.

மஞ்சள்னா என்னன்னு சொல்லலையா? செவப்பு, வரல. பச்சை, வந்தாச்சு. மஞ்சள்னா வந்துக்கிட்டிருக்கு. அந்தப் பக்கம் யாரோ அனுப்பறாங்க, படம் ஏறிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். சோறு கையிலயே இருக்கு. யாரையாவது கூப்பிடலாம்னு திரும்பறதுக்குள்ள மறுபடி செவப்பாயிடுச்சு.

நிலோஃபர்னு எங்க இன்ஜினியர் பொண்ணு. அதக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அது எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டு, 'சார், நான்தான் சோதனைக்கு ஒண்ணு அனுப்பினேன், நம்பர் மாறி இதுல ஏறிடுச்சு, உடனே நிறுத்திட்டேன்'னு சொல்லுச்சு. நல்ல பொண்ணு. என்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்லுதுன்னு நெனச்சேன். ஏன்னா அதோட கண்ணு கலங்கியிருந்துச்சு. சோதனை அனுப்பினதுக்கு யாராவது அழுவாங்களா?

அன்னிக்குச் சுகிர்தா போன் பண்ணினப்ப, மஞ்சளாச்சும்மான்னு சொன்னேன். நல்ல சேதிய மறைச்சு வைக்க நான் யாரு?

மறுநாள் சுகிர்தாவோட அண்ணன் கூப்பிட்டாரு. ஜெபராஜ்னு, ஸ்கூல் வாத்தியார். சத்தம் போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். மெதுவாப் பேசினாரு. அவர்தான் சொன்னாரு எல்லாத்தையும். நினைவு ஆராதனை வைக்கறதுக்கு சர்ச் போதகர் வந்து உக்காந்தப்ப சுகிர்தா கதவச் சாத்திக்கிச்சாம். டிவிய அணைக்க விடறதில்லையாம். சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு, அதப் பள்ளிக்கூடம் அனுப்பறதில்லையாம், அப்பா வர்றப்ப வீட்ல இருக்கணும்னு. மஞ்சளாச்சுன்னு நான் சொன்ன அன்னிக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டு அந்தக் கல்லு மேலயே நடந்து முனை வரைக்கும் போயிடுச்சாம். வலை காயப்போட்டுக்கிட்டிருந்தவங்க பாத்து ஓடிப்போய் இழுத்துட்டு வந்திருக்காங்க.

'சார், நாங்க சொல்லி அவ கேக்கல. போதகர் சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னா கேப்பா. நேர்ல வந்து, இனிமே அந்தப் படம் வராதுன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். இல்லன்னா அவ மறுபடி போவா, அந்தப் புள்ளையோட'ன்னாரு.

அவர் ஆபீசுக்கும் பேசியிருக்காரு. ராமபத்ரன் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கோ குணான்னாரு. வந்து உக்காந்தா என் பேர்ல சிஸ்டம் திறக்கல. பாத்தீங்களா? இத்தனை வருஷம் அந்தச் சேனல்ல ஒரு கறுப்புத் திரை வராமப் பாத்துக்கிட்டவன் நான். நிலோஃபர்கிட்ட கெஞ்சினேன். ஒரே ஒரு இடம்மா, அழிஞ்சு போறதுக்குள்ள திரும்பப் போட்டுடுன்னு. 'அவர விட்டுடுங்க சார்'னு சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு. நான் என்ன புடிச்சா வச்சிருக்கேன்?

இந்நேரம் அழிஞ்சிருக்கும். இன்னிக்குக் காலையில அழிஞ்சிருக்கணும். எனக்குப் பயமா இருக்கு சார். வீட்ல பிரிட்ஜ்ல சின்னதா ஒரு செவப்பு லைட்டு எரியும், அதப் பாத்துக்கிட்டே நிக்கறேனாம். என் வீட்டம்மா சொல்லுது. எபநேசருக்குன்னு எங்கயாவது ஒரு இடம் இருக்கணும்ல? எங்கயுமே இல்லாம எப்படி விடறது ஒரு மனுஷன?

சொல்லிடறேன் சார். அதுக்குத்தான போறேன். பொறையாறு பஸ் ஸ்டாண்டுல ஜெபராஜ் நிப்பாரு. ஒரு வார்த்தைதான? நான் சொல்லிப் பாக்கறேன், சரியா இருக்கான்னு கேளுங்க. 'சுகிர்தா, நான் குணசீலன் பேசறேன்.' இல்ல, அது போன்ல சொல்றது. 'சுகிர்தா, அந்தப் படம் இனிமே...'

தண்ணி இருக்கா உங்ககிட்ட? குடுங்க.

ஒரு தடவ சுகிர்தா கேட்டுச்சு. போன்ல வழக்கமா கேக்கறதக் கேட்டுட்டு, வைக்காம, 'அன்னிக்குக் கடைசியா எதுவும் அனுப்பினாராண்ணே? குரலாவது?'ன்னு. எதுவும் வரலம்மான்னேன். என்னன்னு சொல்றது? நான் தூக்கிட்ட படம் அன்னிக்கே அழிஞ்சு போச்சு. பேருக்குப் பொருந்தாத படத்த நாங்க வச்சுக்கறதில்ல.

எப்பவும் பேசி முடிச்சுட்டு எபநேசரே கேமராவ அணைக்க வருவாரு. அதுலயும் வந்தாரு. நனைஞ்ச மூஞ்சி, திரை பூரா. சிரிச்சுக்கிட்டே, 'போதுமாண்ணே?'ன்னு கேட்டாரு. அத நான் மட்டும்தான் பாத்திருக்கேன். தினமும் கேக்குது சார். போதுமாண்ணே. பஸ்ல ஏறினதுலேர்ந்து கேக்குது. நீங்க பேசும்போது மட்டும்தான் கொஞ்சம் கேக்காம இருக்கு. நீங்களும் பேசவே மாட்டேங்கறீங்க.

சீர்காழி வந்துடுச்சா? என்ன கூட்டம். அந்த டப்பாவ நல்லாப் புடிச்சுக்கங்க, நசுக்கிடுவாங்க. சரி, சொல்லிடறேன். கேளுங்க. 'சுகிர்தா, அந்தப் படம் இனிமே வராதும்மா.' வந்துடுச்சு பாருங்க. சொல்லிட்டேன்ல? நல்லா இருந்துச்சா? இதத்தான் சொல்லணும். இதத்தான் சொல்லப் போறேன்.

என்னம்மா? புள்ளை தூங்குதா, பாவம். தோள்ல போட்டுக்கிட்டு எப்படி நிப்பீங்க. கண்டக்டர், கத்தாதீங்க, எனக்குக் காது கேக்குது. சார், நீங்க ஏன் எழுந்திருக்கறீங்க, நீங்க உக்காருங்க. துண்டையா? இல்ல, துண்டுல கைய வைக்காதீங்க.

இல்லம்மா, இங்க ஆள் வருது.

வருதும்மா. இடம் போட்டிருக்கேன்ல.